இரண்டு நிமிடம் பேசவும்

1

இவள் கேட்பது பரீட்சைக்காக இல்லை. இவளுக்கே வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

லவ்னெஸ் இப்படி நினைத்தாள் என்று எழுதியிருக்கிறேன். வாய்விட்டு அவள் எதுவும் சொல்லவில்லை. என் சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வார்த்தை போட்டது நான். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கமாக இருக்கும்.

நடந்தது இது. லவ்னெஸ் சிகோமோ தலைநகர் ஹராரேவுக்கு வேனில் போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக நோயாளிகளின் சீட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். படித்ததும் ஆங்கிலத்தில். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலை தருவதாக அவளுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஆனால் அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு பரீட்சை சொல்ல வேண்டுமாம். இரண்டு தடவை போய்விட்டு வந்தாள். இரண்டு தடவையும் பேச்சில் அரை மதிப்பெண் குறைந்தது. மூன்றாவது தடவையும் தவறினால் கடிதம் காலாவதியாகிவிடும்.

பேச்சுப் பரீட்சையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் கேட்டிருப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். வீட்டில் பழகுவதற்கு, எதிரே உட்கார்ந்து அட்டையைப் படிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் என்னைக் கேட்டாள்.

நான் படித்தேன்: "உங்களால் மறக்க முடியாத ஓர் உரையாடலைப் பற்றிச் சொல்லுங்கள்."

அப்போதுதான் அந்தப் பார்வை. பிறகு கடலையை உரிக்கப் போய்விட்டாள்.

2

ஆங்கிலம் ஒரு விசித்திரமான மொழி.

(இப்படி ஆரம்பித்திருந்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.)

லவ்னெஸ் என்ற சொல் என்னிடம் இருக்கும் ஆங்கில அகராதியில் இல்லை, ஆனால் அந்தப் பெயருள்ளவள்

(இதில் ஏதோ பெருமை தெரிகிறது. யாருடைய பெருமை என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைப் பெயராக வைப்பார்கள். அகராதியில் இல்லாவிட்டால் செய்துகொள்வார்கள். லவ்னெஸின் அம்மா ஐந்தாவது பிள்ளைக்கு நோமோர் என்று வைத்தாள். இனி வேண்டாம் என்று பொருள். அதற்குப் பிறகும் இரண்டு பிறந்தன.*

நோமோர் சென்ற வருஷம் லவ்னெஸின் வார்டிலேயே, அவள் வேலையில் இருந்தபோது, நோயில் இறந்துபோனான். இது ஊருக்கே தெரியும். சாவதற்குச் சற்று முன் அவளிடம் ஏதோ சொன்னான். அது என்னவென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதுதான் கதை என்று இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

* அந்த இரண்டு பேருக்கும் என்ன பெயர் என்று கேட்டேன். "எங்க ஷோனா பாஷைப் பேருதான். அதுக்கு மேல அம்மா இங்கிலீஷை நம்பல" என்றாள்.

3

ஓர் அழகு நிலையத்தின் பின்னறையில் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் லேர்ன்மோர், இன்னும் படி. (நான் வைத்த பெயராக இருந்தால் இதைவிட நம்பும்படி வைத்திருப்பேன்.) ஒருநாள் லவ்னெஸுடன் நானும் போனேன்.

"சிஸ்டர், முதல் தடவை என்ன ஆச்சுன்னு கவின் அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்களும் சிரிக்கட்டும்." (கவின் என் பையன். இங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

"எதிர்ல இருந்த அம்மா எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நீங்க நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன்னேன்."

"அப்புறம்?"

"அவங்க நல்லா இருக்காங்களான்னு சொல்லட்டும்னு பாத்துட்டிருந்தேன்."

"சொன்னாங்களா?"

"இல்ல. பேப்பரைப் பாத்தாங்க."

லேர்ன்மோர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இங்க நடிச்சுக் காட்டச் சொல்லி எண்ணிப் பாத்தேன். ஒன்பது செகண்டு! ரெக்கார்டர் ஓடுது, ரெண்டு பேரும் பொம்மை மாதிரி உக்காந்திருக்காங்க. அரை மார்க் அங்கதான் போச்சு."

லவ்னெஸ் சிரிக்கவில்லை. இந்த ஊரில் யாரும் தனியாக நலமாக இருப்பதில்லை. காலையில் தூங்கினீர்களா என்று கேட்டால், நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்பதுதான் பதில். எதிராளி தன்னுடையதைச் சொல்லும்வரை நம்முடைய தூக்கம் முடிவாகாது. இங்கே வந்த பத்தொன்பது வருஷத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கேள்வி கேக்கறாங்க, பதில் வேணாமாம்" என்றாள். "கத்திக்கு இங்கிலீஷ்ல இருக்கற வார்த்தைக்கு முன்னால கே-ன்னு ஒரு எழுத்து நிக்குது. வாயே திறக்கறதில்ல. எங்க ஆஸ்பத்திரி மேனேஜர் மாதிரி வந்து உக்காந்துட்டுப் போகுது. வீடு மேல எரிஞ்சது, பர்ன் அப்னாலும், கீழ எரிஞ்சது, பர்ன் டவுன்னாலும் ஒரே சாம்பல். யாராவது தடுக்கி விழுந்தா நான் சாரி சொல்லுவேன். மாஸ்டர் கூடாதுங்கறார். நீங்களா தள்ளிவிட்டீங்கன்னு கேக்கறார். ஆனா இங்கிலாந்துல நாம அவங்க காலை மிதிச்சா அவங்களே சாரி சொல்லுவாங்களாம். இந்த பாஷை எதையோ மறைக்குது, கவின் அம்மா."

"என்னத்த மறைக்குது?"

"தெரிஞ்சா நான் ஏன் சந்தேகப்படறேன்?"

"மறைக்கல சிஸ்டர்" என்றார் லேர்ன்மோர். "பரீட்சைக்குக் கவலை இல்ல, அவ்வளவுதான். நீங்க சொல்றது நடந்துச்சா நடக்கலையான்னு யாரும் பாக்கப் போறதில்ல. ஓடணும். தண்ணி மாதிரி ஓடணும். அதுக்குத்தான் தம்பி விஷயத்தைத் தயாரா வெச்சுக்குங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். எந்த அட்டை வந்தாலும் அங்க கொண்டுபோய்ச் சேத்துடலாம். குரல் தானா நடுங்கும்."

"இல்லாத தம்பியைப் பத்திச் சொன்னாலும் மார்க் உண்டா?"

"தாராளமா உண்டு."

"அப்ப இருந்தவனை எதுக்கு இழுக்கறீங்க, மாஸ்டர்?"

லேர்ன்மோர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். ஆனால் மனசுக்குள் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். (முந்தைய வாக்கியத்தை மூன்று தடவை எடுத்துவிட்டு மூன்று தடவை திரும்பப் போட்டிருக்கிறேன்.)

4

நோமோர் கடைசியாகச் சொன்னது. வரைவுகள்:

"அக்கா, தண்ணி." (எல்லாக் கதையிலும் கேட்பது.)

"டாக்டர் எப்ப வருவார்?" "ஜஸ்ட் நௌ" என்றாள் லவ்னெஸ். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு, எப்போதாவது என்று அர்த்தம். (மிகவும் சாமர்த்தியம். இவ்வளவு சாமர்த்தியமாக எதுவும் நடப்பதில்லை.)

நோமோர் அவள் கையைப் பிடித்து, நீ நல்லா இருந்தா நானும்

(இதை எழுதும்போது என் கண் நனைந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நிறுத்திவிட்டேன்.)

மூன்றும் ஓடுகின்றன, தண்ணீர் மாதிரி. நடந்ததா நடக்கவில்லையா என்று என் தமிழும் கவலைப்படவில்லை. அதுவரை நான் ஆங்கிலத்தை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

5

ஒரு வியாழக்கிழமை அவள் ஹராரேவுக்கு வேன் ஏறிப் போனாள். பரீட்சை அறைக்குள் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நான் அந்த அறைக்குள் இல்லை. ஆகவே அந்தப் பக்கம் இங்கே இல்லை.

திரும்பி வந்தவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"வழியில ரெண்டு இடத்துல போலீஸ் நிறுத்தினாங்க. அட்டை கொடுத்தாங்க. பேசினேன்."

"என்ன அட்டை?"

"நீங்க படிச்ச மாதிரிதான் ஒண்ணு."

பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது. வேண்டியதைவிட அரை மதிப்பெண் அதிகம். அழகு நிலையத்தில் தலைமுடி பின்னிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கேட்கும்படி லேர்ன்மோர் கத்தினார்: "நான் சொன்னேன்ல! தம்பி கதைதான்! அதைச் சொல்லாம இந்த மார்க் வராது!"

லவ்னெஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆக, உங்கள் முன்னால் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், ஓடுகிற ரெக்கார்டருக்கு முன்னால், அவள் அதைச் சொல்லிவிட்டாள். அல்லது இல்லாத ஒரு தம்பியை உண்டாக்கி, அவன் வாயில் எதையோ வைத்தாள். அல்லது படுக்கைப்புண் வராமல் நோயாளியை எப்படிப் புரட்டுவது என்று ஒரு பாட்டியம்மாவுடன் பேசியதைச் சொன்னாள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலாவதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவளுக்காக இல்லை. என்னிடம் சொல்லவில்லையே என்று.

6

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் விடைபெற வந்தாள். அதே மேசை, அதே கடலைத் தட்டு. பழகுவதற்கு வைத்திருந்த சின்ன மணிக் கடிகாரமும் அட்டையும் அங்கேயே கிடந்தன.

"பொழுது எப்படிப் போச்சு, கவின் அம்மா?"

"நல்லாப் போச்சு" என்றேன். எனக்கு அவசரம்.

அவள் காத்திருந்தாள். நான் சொல்ல வேண்டிய மற்ற பாதிக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒன்பது செகண்டுக்கு மேலேயே ஆகியிருக்கும். அதற்குள் நான் என் கேள்விக்குப் போயிருந்தேன்.

"லவ்னெஸ், நோமோர் உன்கிட்ட என்ன சொன்னான்? எழுதிட்டிருக்கேன். முடிவு இல்லாம நிக்குது."

"எழுதறது தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"முதல் நாளே. நீங்க அட்டையைப் பாக்காமலே படிச்சீங்க."

முகம் சுட்டது. இருந்தாலும் விடவில்லை. கடிகாரத்தை இரண்டு நிமிடத்துக்கு முடுக்கி அவள் முன்னால் வைத்தேன். "இங்கிலீஷ் வேணாம். நீ ஷோனாவுல சொல்லு, நான் தமிழ்லதான் எழுதப்போறேன். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் புரியாது."

"அதுலயும் வேணாம்" என்றாள், கோபமே இல்லாமல்.

கடிகாரம் ஓடியது. அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடலையாக உரித்தாள். உரித்ததில் பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் தின்றேன். மணி அடித்ததும் அதன் தலையில் கை வைத்து நிறுத்தினாள்.

"அரை மார்க் குறைச்சுக்குங்க" என்றாள்.