இரவல் கட்டைவிரல்

ஒன்பது வருடத்தில் ராசாத்தியின் வலது கட்டைவிரல் அழுத்திய கிளிப்புகளை வரிசையாக அடுக்கினால், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போய், சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிடும். சந்தேகப்படுகிறவர்கள் அளந்து பார்க்கலாம். அவள் வேலை பார்ப்பது காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில். ரேகை தேய்ந்துபோய், சொந்த ஊர் மத்தூரில் ரேஷன் கடை மெஷின் அப்படியொரு பெண் பிறக்கவே இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டது.

அன்று பெங்களூரிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வந்திருந்தது. விரலை உள்ளே விட்டால் சிவப்பு வெளிச்சம் தோலைத் தாண்டி மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும். பெட்டியோடு வந்த அருணா திரையைப் பார்த்தாள்.

“வலிக்குதாக்கா?”

“இல்லீங்க மேடம்.”

“இனிமே வலிக்கும். எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். அது தேய ஆரம்பிச்சிருக்கு. இப்பவே ரெஸ்ட் குடுத்தா காப்பாத்திக்கலாம்.”

சீட்டில் ‘ஆரம்ப நிலை’ என்று எழுதினாள். சாயங்காலம் பர்மனென்ட் ஆகிறவர்களின் லிஸ்ட் வரும். கை சரியில்லாதவள் பேர் அதில் வராது என்று சூப்பர்வைசர் சுரேந்தர் காலையிலேயே சொல்லியிருந்தான். ரெஸ்ட் என்றால் அந்த லைனில் ஒரே அர்த்தம்தான்: நாளையிலிருந்து வராதே.

“கை ஈரமா இருந்துச்சு மேடம். மெஷினு தப்பா காட்டுது.”

“சரி, மத்தியானம் தொடச்சிட்டு வாங்க.”

மத்தியானம் போனது ராசாத்தியின் அட்டை மட்டும்தான். தொப்பி, முகக்கவசம், நீல அங்கிக்குள் இருந்தவள் மோகனப்ரியா. வயது இருபத்தொன்று, வேலைக்கு வந்து எட்டு மாதம். அந்த உடுப்பில் பெற்ற தாயே வந்தாலும் டோக்கன் நம்பர் கேட்டுத்தான் மகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“சும்மா விட்டு எடுத்துட்டு வா கண்ணு. உன் வெரலு வெண்டைப் பிஞ்சாட்டம் இருக்குது” என்று ராசாத்திதான் அனுப்பினாள்.

வெளிச்சம் பிஞ்சுக்குள் போனது. அருணா திரையையும் காலைச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“மெஷின் மேல தப்பில்லைக்கா. காலைல வந்ததேதான் இப்பவும். தேய ஆரம்பிச்சிருக்கு.”

சுரேந்தர் லிஸ்ட்டில் ராசாத்தியின் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தான். “ரெண்டு தடவை பாத்தாச்சும்மா. நா இன்னா பண்றது?”

கேட்டுக்கு வெளியே மோகனப்ரியா தன் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

“அக்கா, நாளைக்கு எங்க பேட்சுக்கு அந்தப் பெட்டி வருது. எம் பேருக்கு யாரு வெரல வெக்கிறது?”

இரண்டாம் ஷிப்டுக்கு முந்நூறு பெண்கள் உள்ளே போனார்கள். ராசாத்தி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.