நேர்மை மாளிகையின் வெளிச்சம்

பல் விளக்குவதற்கு முன்பே அராபா மீட்டரைப் பார்த்துவிடுவாள். அந்தச் சனிக்கிழமையும் பார்த்தாள். நேற்றுப் படுக்கும்போது இருந்த யூனிட்டில் பாதியைக் காணோம்.

"கிளம்புற நேரத்துலயும் ராத்திரி பூரா இஸ்திரி போட்டிருக்கா பாரு, திருட்டுச் சிறுக்கி!" என்று எதிர் அறைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

எதிர் அறையில் தையற்காரி எஃபுவா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அராபா செகொண்டித் துறைமுகத்து மீன்காரிகளுக்கு ஐஸ் விற்பவள். அவளுக்கும் எஃபுவாவுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே மீட்டர். காசு ஏற்றினால்தான் கரண்ட், தீர்ந்தால் இருட்டு. ஃப்ரீசர் அணைந்து ஐஸ் உருகிய நாளெல்லாம் அராபா எஃபுவாவின் இஸ்திரிப் பெட்டியைத்தான் சபித்தாள். தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தாள். கரண்டைத் திருடுகிறவள் துணியையும் திருடமாட்டாளா என்று எஃபுவாவிடம் தைக்கக் கொடுப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சாயத்து வீட்டுக்காரர் அமிசாவிடம் போனது. முன்பக்கத்துத் துணிக்கடையும் அவருடையதுதான். நியாயம் சொல்வதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு பெண்களையும் பைபிளில் கை வைக்கச் சொல்லி, நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் முழங்கி, சனிக்கிழமை மதியத்துக்குள் எஃபுவா அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஏதோ மலையைச் சுமந்து இறக்கியவர்போல நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

அதே சனிக்கிழமைதான் அவருடைய கடைப் பலகைக்குப் புது விளக்குப் போட எலெக்ட்ரீஷியன் எக்கோ வந்திருந்தான். 'நேர்மை ஜவுளி மாளிகை' என்று ஆளுயர எழுத்துகள். உள்ளே பழைய டியூப்லைட்டுகள் வரிசையாக, அந்தி சாய்ந்தால் விடியும்வரை எரியும். இரண்டு செத்துவிட்டன, ஒன்று கண்ணடித்தது. அவற்றைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பட்டை ஒட்ட வேண்டும்.

"முதலாளி, மெயினை அணைச்சிடுங்க."

அமிசா அணைத்தார். கடையின் மின்விசிறிகள் நின்றன. எக்கோ ஏணியில் ஏறிப் பலகைக்கு வரும் வயரில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் எரிந்தது.

"கடை செத்துடுச்சு, போர்டு மட்டும் உசிரோட இருக்கு! இந்த வயர் எங்கேருந்து வருது?"

"அதையெல்லாம் ஏன்டா நோண்டுற? டியூபைக் கழட்டு, பட்டையை ஒட்டு, போய்க்கிட்டே இரு."

"உங்களுக்கென்ன, ஏணியில நிக்கிறது நானில்ல!"

எக்கோ இறங்கி, போர்டு ஸ்விட்சைப் போட்டு எரியவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனான். கூரை ஓரமாக வந்த வயர் முற்றத்துச் சுவரில் இறங்கியது. சுவருக்கு அடித்த அதே பச்சைப் பெயிண்ட் அதன்மேலும் அடித்திருந்ததால் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. அராபாவின் ஃப்ரீசருக்குப் பின்னால் ஒளிந்து போய், பெண்களின் மீட்டருக்குள் நுழைந்தது.

"அக்கா, இப்ப போர்டு எரியுதான்னு தெருவுல பாக்கச் சொல்லுங்க" என்று அராபாவிடம் சொல்லிவிட்டு, எக்கோ முற்றத்து ஸ்விட்சை அணைத்தான். ஃப்ரீசரின் உறுமல் நின்றது.

தலையில் மூட்டையோடு வாசல் தாண்டியிருந்த எஃபுவாதான் பதில் சொன்னாள். "நேர்மை அணைஞ்சிடுச்சு."

 தூங்கி எழுந்தால் யூனிட் குறைவது ஏன் என்று அராபாவுக்கு இப்போது புரிந்தது. பின்னாலேயே ஓடிவந்த அமிசாவுக்கு வெட்கம் இருக்கும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் அமிசாவை அறியாதவர்கள்.

"ஒரு போர்டு என்ன பெரிசாத் தின்னுடப் போவுது? அதான் இப்ப எல்.இ.டி. போடுறேனே, கம்மியாத்தான் இழுக்கும். உங்களுக்குத்தானே லாபம்!"

"கம்மியாத் திருடுறதுக்கு நாங்க நன்றி வேற சொல்லணுமா?" அராபா ஃப்ரீசருக்குப் பின்னால் கை விட்டு அந்தப் பச்சை வயரைப் பிடித்தாள். "தம்பி, இதை வெட்டு. எங்களை பைபிள்ல கை வைக்கச் சொன்னியே மனுஷா, அப்ப நீ உன் கையை எங்கே வச்சிருந்தே?"

எக்கோ வெட்டினான். பட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "சொந்த மீட்டர்லேருந்து வயர் இழுத்துட்டுக் கூப்பிடுங்க முதலாளி" என்று கிளம்பிவிட்டான். வாசலில் கூடிய மீன்காரிகள் அமிசாவைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அவர் கடைக்குள் புகுந்துகொண்டார்.

அராபா வாசலுக்கு ஓடி எஃபுவாவின் மூட்டையைப் பிடித்து இறக்கினாள்.

"உள்ளே வா எஃபுவா. தப்புப் பண்ணிட்டேன். அவன் நம்மகிட்டத் திருடிட்டான்."

 எஃபுவா முன்பெல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அவன் கரண்டைத் திருடினான், அராபா. அதை இப்ப வெட்டியாச்சு. என் பேரைத் திருடினது நீ. தலைக்கு மேல ராத்திரி பூரா அந்த போர்டு அவ்வளவு பெரிசா எரிஞ்சுது, அதை நீ சந்தேகப்படல. உன்னைவிட இல்லாதவ ஒருத்தி பக்கத்துல இருந்தா, அவதான் உனக்குத் திருடி. போ, தெருத்தெருவா என்னைத் திருடின்னு சொன்னேல்ல? அதே தெருவுல போய் இல்லேன்னு சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் உள்ளே வரேன்."

அராபா மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். எஃபுவா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.