ஜெனிபர் வருவதற்குள் ஆயில் மாற்றியது எப்படி

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டு போர்டிகோ. உத்தமபாளையத்தில் வாடகை வீடு. என்றைக்காவது கார் வாங்குவோம் என்று வீட்டுக்காரர் கட்டிவைத்த இடத்தில் இப்போது ஜெனிபரின் புது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஜெனிபர் என் மனைவி. நான் கதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். சற்று முன்பு, என்னுடைய இதே இரண்டு கைகளால், அந்த வண்டிக்கு முதல் ஆயில் மாற்றினேன். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். சரியாகக் கைகூடக் கழுவவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அச்சில் அது வராது, நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

எழுதக் காரணம் பெருமைதான், மறைக்கப் போவதில்லை. நான் பல்பு மாற்றினால் வீட்டுக்கே கரண்ட் போகும். அப்பேர்ப்பட்டவன் ஓர் இன்ஜினைத் திறந்து மூடியிருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஜெனிபருக்குப் பெரியகுளத்தில் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டது என்று வண்டியை நேற்றே நிறுத்திவிட்டு இன்றைக்கு பஸ்ஸில் போயிருக்கிறாள். சாயங்காலம்தான் வருவாள். அதுவரை எனக்கு நீங்கள்தான்.

2

போட்டுப் பார்த்த தொடக்கங்கள்:

மேகமலையின் மேல் மேகம் திரண்டிருந்த அந்த நண்பகலில் [மேகமலையில் வேறென்ன திரளும். வேண்டாம்.]

ஸ்பானர் அவன் கையில் கனத்தது [பதினேழாம் நம்பர் ஸ்பானர் கனக்காது. பொய்.]

ஒரு போல்ட்டைக் கழற்றுவது என்பது ஒரு வாழ்க்கையை [ஐயோ.]

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். உண்மையில் அதுதான் என்னை ஏற்றி இறக்கியது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஆயில் சூடானால் சீக்கிரம் இறங்கும் என்று யூடியூபில் ஒரு மலையாளி சொல்லியிருந்தார்.* பிறகு இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைத் தேடிப் படுத்தேன். மல்லாந்து படுத்தால் இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு நெடுநேரம் முடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் போல்ட் இளகி, விரலை விட்டு நழுவி, அடியில் வைத்திருந்த பேசினுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஆயில் என் மணிக்கட்டில் இறங்கி முழங்கைவரை ஓடியது. சுட்டது. நான் சிரித்தேன். ஆளில்லாத போர்டிகோவில் தனியாகப் படுத்துக்கொண்டு அப்படிச் சிரித்தேன்.

ஆயில் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பழுப்பாக இருந்தது. வெயில் பட்டதும் அதற்குள் பொடிப்பொடியாக மினுங்கியது. புது இன்ஜினில் கியர்களின் பல்லும் பல்லும் உரசிப் பழகியபோது உதிர்ந்த உலோகத் தூள் அது. [இந்த இடத்தில், கல்யாணமான புதிதை வைத்து ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். ஜெனிபர் படிப்பாள்.]

ஃபில்டரை மாற்றினேன். போல்ட்டை மறுபடி முடுக்கினேன். புது ஆயிலை ஊற்றி, அளவுக் குச்சியில் பார்த்து, ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. இன்ஜின் ஓட ஓட, பக்கத்தில் நின்று நான் சின்னதாக ஓர் ஆட்டம்கூடப் போட்டேன். அது கதைக்குத் தேவையில்லை.

* கம்பம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் ஓரளவு ஓடும். "பதுக்கே, பதுக்கே" என்றார் அவர். மெதுவாக, மெதுவாக. அவர் சொன்னதில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

3

கதைக்கு இன்னோர் ஆள் வேண்டும். வேல்பாண்டி அண்ணன் தானாகவே வந்தார். பக்கத்து வீடு, திராட்சைத் தோட்டக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் யார் வண்டிக்கு ஆயில் மாற்றினாலும் பழைய ஆயிலுக்கு ஒருவர் வந்து நிற்பார். கறையானுக்குத் தடவ அதைவிட மருந்து கிடையாது.

"என்ன தம்பி, வண்டிக்கடியில படுத்துக் கெடந்தீக? தங்கச்சி வண்டியில்ல அது?"

"ஆயில் மாத்துனேண்ணே."

"நீங்களா?"

அந்த "நீங்களா"வை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

"வேஸ்ட் ஆயில எனக்குக் குடுத்துருங்க. கொட்டாய் மூங்கிலப் பூராம் கறையான் அரிச்சுப் போச்சு."

பேசினோடு தூக்கிக் கொடுத்தேன். என் உழைப்பின் பயன் ஆடுகள் வரைக்கும் போகிறதே என்று எனக்கு இன்னும் பூரிப்பு.

4

இங்கேதான் கதை இடறுகிறது. இவன் ஏன் ஆயில் மாற்றினான்? முதல் சர்வீஸ் ஷோரூமிலேயே இலவசம். "மனைவியை அசத்துவதற்காக" என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் தாளில் பார்க்க மெலிந்த காரணமாக இருந்தது. கொஞ்சம் சதை போடலாம் என்று வண்டி வாங்கிய நாளுக்குப் போனேன்.

தேனியில் ஒரு ஷோரூம். வாங்குவது ஜெனிபர், ஓட்டப்போவதும் ஜெனிபர். எனக்கு கியர் வண்டி ஓட்டவே தெரியாது. ஆனாலும் விற்பனையாளர் மைலேஜை என்னிடம் சொன்னார். வாரண்டியை எனக்கு விளக்கினார். சாவியை என் கையில் கொடுத்தார். ஜெனிபர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் என் முகத்துக்கு வந்தது. நானும் எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினேன். வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது அவள் சொன்னாள்:

"இந்த வண்டியில மொத ஆயில எங் கையாலதான் மாத்துவேன். அப்பத்தான் இது என் வண்டி."

உரையாடல் இருந்தால் பகுதிக்கு உயிர் வருமே என்றுதான் இந்த வரியைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு, தொழில் பழக்கத்தில், பிழை பார்க்க ஒருமுறை படித்தேன்.

[அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். பிழை வரியில் இல்லை.]

ஆயில் டப்பா, ஃபில்டர், ஸ்பானர் எல்லாம் ஒரே பையில் அலமாரி மேல் ஏன் இருந்தன என்று நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாள். அதற்கும் நான் "ம்" போட்டிருக்கிறேன்.

அசத்துகிறேன் என்று கிளம்பி, அவளுக்கென்று அவள் எடுத்துவைத்திருந்த முதல் தடவையை நான் செலவழித்துவிட்டேன். அது இரண்டு முறை வராது. ஷோரூம்காரருக்காவது அவளைத் தெரியாது. நான் அவள் புருஷன்.

5

ஆனால் எழுத்தாளனுக்கு ஒரு வசதி உண்டு. நடந்ததை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம்.

முடிவு அ. புது ஆயிலை இறக்கிவிட்டுப் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றுவது. பையை இருந்த இடத்தில் வைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் முதன்முறையாக ஆயில் மாற்றுவாள், நான் பக்கத்தில் நின்று வாயைப் பிளப்பேன்.

இந்த முடிவு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் பேனாவைப் போட்டுவிட்டு வேல்பாண்டி அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கொட்டகையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். மூங்கில் கால்களெல்லாம் மினுமினுத்தன. ஓர் ஆட்டின் விலாவும் மினுமினுத்தது.

"அண்ணே, அந்த ஆயில் திரும்ப வேணும்."

"தடவியாச்சேப்பா." பேசினைக் கவிழ்த்துக் காட்டினார். "எதுக்குக் கேக்குறீக?"

சொன்னேன், ஒன்று விடாமல். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் விழாமலிருக்க மூங்கிலைப் பிடித்ததில் அவர் கையெல்லாம் ஆயில்.

"அங்கன டிராக்டர்ல எறக்குன ஆயில் ஒரு கேன் கெடக்கு. கறுப்பாத்தான இருக்கணும்? எடுத்து ஊத்துங்க. தங்கச்சிக்கு என்ன தெரியப் போகுது."

சபலம் தட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேன் வரைக்கும் நடந்தும் போனேன். ஆனால் அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் சுருக்கென்று தைத்தன. காலையிலிருந்து அதை வாயால் சொல்லாமல் நான் செய்துகாட்டியிருக்கிறேன். வெறும் பேசினோடு வீடு திரும்பினேன்.

முடிவு ஆ. ஒன்றுமே சொல்லாமல் இருப்பது. நகக்கண்ணில் இருக்கும் ஆயில் சோப்புக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை.

முடிவு இ. சொல்லிவிடுவது. இதற்கு எனக்கு வசனமே வரவில்லை.

ஜெனி, ஒரு நல்ல

ஜெனி, நீ கோபப்படாம

ஜெனி, வண்டி இருக்குல்ல

6

கேட் சத்தம். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஜெனிபர் போர்டிகோவில் நின்று முகர்ந்தாள்.

"என்ன வாடை இது?"

பதிலாக இந்தத் தாள்களை எடுத்து, ஒன்று என்று போட்ட இடத்திலிருந்து, அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். அவள் படியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். மேகமலைக்குச் சிரித்தாள். போல்ட் விழுந்ததற்குச் சிரித்தாள். அடித்துவிட்ட உவமை என்ன என்று கேட்டாள். நான்காம் பகுதி வந்தது. சிரிப்பு நின்றது. நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கத் தைரியம் வந்திருக்காது. ஆட்டின் விலாவுக்குக்கூட அவள் சிரிக்கவில்லை.

முடித்ததும் தாளை வாங்கி, தான் சொன்ன வரியில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு நாஞ் சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கீக. அப்பக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

"காதுல விழுந்துச்சு ஜெனி. உள்ள போகல."

"எழுதுனாத்தான் உள்ள போகுமா?"

வெட்கமாக இருந்தது. அதை இதைவிட நன்றாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தாள். போல்ட்டைத் தொட்ட விரலை என்னிடம் நீட்டினாள். நுனியில் ஒரு சொட்டுப் புது ஆயில்.

"வாஷர் போட்டீகளா?"

"எந்த வாஷர்?"

பையை எடுத்துவரச் சொன்னாள். அடியில், சின்னக் கவருக்குள், ஒரு வளையம் இருந்தது. போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போட வேண்டியது. பழைய வளையம் பேசினில் விழுந்து ஆயிலோடு ஆட்டுக்கொட்டகைக்குப் போயிருக்கும். நான் ஒன்றுமே போடாமல் முடுக்கியிருக்கிறேன்.

"எல்லாத்தையும் எறக்கிட்டு வாஷரப் போட்டு மறுபடி ஊத்தணும்," என்றாள்.

எனக்குள் என்னவோ துள்ளியது. "அப்ப இது மொத ஆயிலா ஜெனி, ரெண்டாவதா?"

"அத நான் முடிவு பண்ணிக்கிறேன்."

7

ஜெனிபர் பேசினைத் துடைத்து அடியில் வைத்தாள். ஸ்பானரை எடுத்தாள். மல்லாந்து படுத்து, எந்தப் பக்கம் என்று யோசிக்காமலே, போல்ட்டை

"எழுதுறீகளா?"

"குறிப்புத்தான்."

"வேண்டாம். எனக்குன்னு வச்சிருந்த மொத வேலைய நீங்க எடுத்துக்கிட்டீக. உங்க கடைசிப் பக்கத்த நான் எடுத்துக்கிறேன். இனிமே நடக்குறது என்னுது. எழுதக் கூடாது."

"கதைக்கு முடிவு வேணுமே ஜெனி."

"இருக்கும். உங்ககிட்ட இருக்காது. டார்ச்சப் பிடிங்க."

பேனாவை வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தேன்.

அவள் அனுமதித்ததை மட்டும் சொல்கிறேன். வேலை முடிவதற்குள் வண்டிக்கடியிலிருந்து அவள் ஒரு வார்த்தை சொன்னாள். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய எந்தக் கடைசி வரியும் அதன் பக்கத்தில் நிற்காது. என் விரல்கள் பேனாவுக்குப் பரபரத்தன. நான் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, முழுதாக, கேட்டேன்.

அது என்ன என்று அவளிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடையது இல்லை.