தலைகீழ் முக்கோணி

களுவாஞ்சிகுடியில் லக்ஷன் சேரின் வகுப்புக்கு வெளியே ஆளுயரப் பதாகை ஒன்று நின்றது. அதில் லக்ஷன் சேர் கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் ராக்கெட் ஒன்று புகை கக்கிக்கொண்டு மேலே போனது. அந்த ராக்கெட் என்ன கோணத்தில் போகிறது என்று கேட்டால் சேர் பதில் சொல்ல மாட்டார் என்று உதயரூபனுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

தகரக் கொட்டகைக்குள் இருநூறு பிள்ளைகள். சேரின் கன்னத்தோடு மைக் ஒட்டியிருந்தது. அவர் ஒரு வரி சொன்னார், பிள்ளைகள் அடுத்த வரியைச் சொன்னார்கள். கோயிலில் காவியம் படிக்கிறவர்கள்கூட இடையிடையே பொருள் சொல்வார்கள். இங்கே அதுவும் இல்லை. முக்கோணி ஏபீசீ, ஏபீயின் நடுப்புள்ளி டீ, ஏசீயின் நடுப்புள்ளி ஈ, ஆகவே டீஈ பீசீக்குச் சமாந்தரம். ஏ எப்போதும் உச்சியில். பீ இடது பக்கம், சீ வலது பக்கம். அந்த மூன்று எழுத்தும் தாங்கள் பிறந்த இடத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை.

இடைவேளையில் உதயரூபன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். அதில் அதே முக்கோணிதான். ஆனால் தலைகீழாக நின்றது. எழுத்துகள் கே, எல், எம்.

"இத எப்பிடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுப்பீங்க சேர்?"

லக்ஷன் சேர் தாளைப் பார்த்தார். கழுத்தைச் சரித்தும் பார்த்தார்.

"இப்பிடிச் சோதனைக்கு வராது அண்ணன்."

"வந்தா?"

"வந்தா விட்டிரச் சொல்லியிருக்கன். கேத்திர கணிதத்த முழுசா விட்டாலும் எஸ் எடுத்துப் பாஸ் பண்ணலாம். வட்டி, புள்ளிவிபரம், வரைபு. இது காணும்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரமும் பாட வச்ச நீங்க?"

"பெத்தாக்கள் கேக்கிறாங்க தானே," என்றார் சேர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கஜானி இந்தக் கொட்டகையில் ஒரு வருடம் பாடியிருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடம் சித்தி. கணிதத்துக்குப் பக்கத்தில் மட்டும் தோல்விக்குரிய டபிள்யூ. வட்டியும் புள்ளிவிபரமும் அவளைக் கரை சேர்க்கவில்லை.

கஜானி, உதயரூபனின் மனைவி அஜந்தாவின் தங்கை. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். உதயரூபனும் ஒரு பெட்டியோடு மண்டூருக்கு வந்தான். மூன்றாம் வருடம் அஜந்தா காய்ச்சலில் போய்விட்டாள். பதினான்கு மாதமாகிறது. அவன் அந்த வீட்டில் இருக்கிறான். இரு என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவன், பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறாய் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கஜானிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அஜந்தாதான். குசினித் தரையில் மீன் வெட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். அவள் போனபிறகு உதயரூபன் மூன்று நாள் முயன்றான். மேசையில், மின்விசிறிக்குக் கீழே, எல்லாம் முறையாகத்தான். கஜானி பென்சிலைப் பிடித்தபடி தாளைப் பார்த்தாள். "விளங்குதா?" என்று கேட்டால், "ஓம் அத்தான்" என்பாள். ஒரு கோடும் கீற மாட்டாள். நான்காம் நாள் அவள் மேசைக்கு வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. வெள்ளம் நிற்கிற வயல்வட்டையில் யாராவது நெல் விதைப்பானா?

ஆனால் மாமி சும்மா இருக்கவில்லை.

"மருமகன், இந்தமுறையும் இல்லெண்டா கார்மென்ற் வேனுக்குப் பேர் குடுப்பம்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "சந்திக்கே வருதாம். மூணு புள்ளையள் போறாள்கள்."

"அவள் உயிரியல் படிக்கணும் எண்டவள், மாமி. கணிதம் இல்லாம எடுக்கமாட்டாங்க."

"அது அக்காக்காரி சொன்ன கத. அவள் இப்ப எங்க?"

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. உதயரூபன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடினான்.

அடுத்தவர் மட்டக்களப்பு நகரத்தில், கோணாமலை மாஸ்டர். கஜானியையும் கூட்டிக்கொண்டு போனான். முப்பத்துநான்கு வருட அனுபவம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். முதல் அரைமணி நேரம் கஜானியின் தகப்பன் யார், தகப்பனின் ஊர் எது, கோயிலில் எந்தத் திருவிழா அவர்களுடையது என்று விசாரித்தார். அடுத்த அரைமணி நேரம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற தன் மாணவர்களைப் பற்றிச் சொன்னார். அவரிடம் படித்தவர்கள் யாரும் இலங்கையில் இல்லை போலிருந்தது. தப்பி ஓடியிருக்கலாம்.

உதயரூபன் தாளைக் கொடுத்தான். மாஸ்டர் கண்ணாடியை மாட்டினார். மாட்டியதும் முகம் சுருங்கியது.

"ஆர் இந்தப் படம் கீறின? முதல்ல படத்த ஒழுங்காக் கீறப் பழகணும்."

முக்கோணி நேராக நிற்கும்படி தாளைச் சுற்றித் திருப்பினார். மேசை லாச்சியைத் திறந்து அழிறப்பரை எடுத்தார். கே, எல், எம் மூன்றையும் மெதுவாக அழித்தார். தூசியை ஊதினார். ஏ, பீ, சீ என்று எழுதினார். பிறகு தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று முத்து முத்தான கையெழுத்தில் அரைப் பக்கத்தை நிரப்பி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"இதுதான் கேத்திர கணிதம்," என்றார்.

கேள்வியையே அழித்துவிட்டு விடை எழுதும் மனிதனுக்கு முப்பத்துநான்கு வருடம் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். உதயரூபன் தாளை வாங்கிக்கொண்டான். மாஸ்டர் கஜானியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"புள்ளைட அத்திவாரமே பிழை. ஆறாம் ஆண்டுப் புத்தகத்தில இருந்து தொடங்கணும்."

"சோதனைக்கு மூணு மாசம்தான் இருக்கு மாஸ்டர்."

"அதுக்கு நான் என்ன செய்யிற? அத்திவாரம் இல்லாம வீடு கட்டேலா."

திரும்பி வரும்போது கஜானி மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தாள். குருமண்வெளித் துறையில் பாதை வரும்வரை இருவரும் நின்றார்கள். வாவியைக் கடக்கிற அந்த இரும்பு மிதவைக்கு இந்த ஊரில் பாதை என்றுதான் பெயர். மோட்டார் சைக்கிள், சைக்கிள், மரக்கறி மூட்டை, மனிதர், எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றிக்கொண்டு போகும்.

"ஒண்டும் விளங்கல்லையா?" என்று கேட்டான்.

"ஓம் அத்தான்," என்றாள். எதற்கு ஓம் என்று அவனும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அவள்மீது நம்பிக்கை இருக்கவில்லை.

அஸ்மியாவைப் பற்றிச் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் முத்தலிப். தேநீரைச் சத்தமாக உறிஞ்சுகிற, கோப்பு ஒன்றைத் திறக்காமலே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுகிற மனிதர்.

"எங்கட காத்தான்குடியில ஒரு புள்ள இரிக்கா. ஒங்கட கெம்பஸ்தான், ஒங்களுக்கு ஒரு வருசம் கீழ. பொம்புளப் புள்ளையளுக்கு மட்டும்தான் படிச்சுக் குடுக்கிற. போய்ப் பாருங்க தம்பி. ஆனா சட்டம் பேசாதீங்க."

"நான் எங்க சட்டம் பேசின?"

"ஒங்கட மொகமே பேசுதே," என்றார் முத்தலிப். உதயரூபன் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு மறந்துவிட்டான்.

சனிக்கிழமை பின்னேரம் பேரீச்சை மரங்கள் நிற்கிற பெரிய வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே போனார்கள். கேற்றைத் தட்டியதும் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"புள்ள உள்ள வரட்டும். நீங்க அந்தக் கதிரையில இரிங்க. ஆம்புளயள உள்ள எடுக்கிறல்ல, கொற நெனைக்காதீங்க."

சுவரோடு ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. அதற்கு மேலே ஜன்னல்.

"நான் கொஞ்சம் கதைக்கணும் மிஸ். எப்பிடிப் படிப்பிக்கிறீங்க எண்டு பாக்கணும்."

"புள்ளயோட கதைக்கிறன். படிக்கப் போறது அவதானே."

பார்க்காமல் எப்படி ஒரு ஆளை எடைபோடுவது? உதயரூபன் தாளைக் கஜானியின் கையில் கொடுத்தான். புதிதாகக் கீறியது. தலைகீழ் முக்கோணி, கே, எல், எம். "மிஸ்ஸிட்டக் குடு. விடைய எழுதித் தரச் சொல்லு."

ஐந்து நிமிடத்தில் கஜானி தாளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதில் விடை இல்லை. அடியில் ஒரு வரி இருந்தது: 'இந்தச் சோதனை யாருக்கு? புள்ளைக்கா, எனக்கா, எங்கட ஊருக்கா?'

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். செய்யத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கேள்வி கேட்பார்கள். "கஜானி, வா போவம்," என்றான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு பெண்பிள்ளையின் பெயரை அந்நிய ஒழுங்கையில் நின்று கத்திக் கூப்பிடவும் முடியாது. உட்கார்ந்தான்.

ஜன்னலுக்குள் அஸ்மியாவின் குரல் கேட்டது.

"அத்தான்ட படம் ஞாபகம் இரிக்கா? கீறு பாப்பம். அதில என்ன பிரச்சின?"

பதில் இல்லை. அந்த மௌனத்தை உதயரூபன் அறிவான். மூன்று நாள் அதோடு குடியிருந்தவன். இப்போது இந்த மிஸ்ஸுக்கும் விளங்கும் என்று ஒருவித திருப்தியோடு காத்திருந்தான்.

"தலகீழா இருக்கு மிஸ்."

"இருந்தா என்ன?"

"ஏ மேல வரணும்."

"இதில ஏ எங்க இரிக்கி?"

"...இல்ல."

"இல்லாத ஆள மேல ஏத்தப் பாக்கிறியே. வெட்டு அத. வெட்டிட்டு, நடுப்புள்ளி ரெண்டையும் சேத்த கோட்டில மடி."

கத்தரிக்கோல் தாளைக் கடிக்கிற சத்தம்.

"முனை எங்க படுது?"

"மத்தப் பக்கத்துக் கோட்டில."

"எல்லா முக்கோணிக்கும் படுமா?"

"தெரியா. இன்னொண்டு வெட்டட்டா?"

வெட்டினாள். பிறகு இன்னொன்று. "இதுவும் படுது மிஸ். கோணலா வெட்டினதும் படுது." குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அந்தக் குரலைக் குசினியிலிருந்து கேட்டிருக்கிறான், பதினான்கு மாதத்துக்கு முன்பு.

"அப்ப ஏன் படுது எண்டு நான் எழுதுறன், நீ பாரு."

கொஞ்ச நேரம் பேனைச் சத்தம்.

"மிஸ், இது பிழை. ஒத்த கோணம் எண்டு எழுதியிருக்கிறீங்க. அது ஒன்றுவிட்ட கோணம்."

"புடிச்சிட்டியே. வேணுமெண்டுதான் எழுதின." அஸ்மியா சிரித்தாள். "இவ்வளவு தெரிஞ்ச புள்ள வீட்டில ஏன் வாய் தொறக்கல்ல? அத்தானும் கணக்குப் படிச்சவர்தானே?"

கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அத்தான் ஏசமாட்டாரு மிஸ். ஒண்டும் சொல்லமாட்டாரு. பாத்திட்டு இருப்பாரு. நான் பென்சில வைக்க முந்தியே பிழை எண்டு அவர்ர மொகத்தில இருக்கும்."

"எப்பயும் அப்பிடியா?"

"இல்ல. அக்கா செத்த மறுகாதான்."

ஒழுங்கையால் ஒரு முச்சக்கரவண்டி போனது. உதயரூபன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். லக்ஷன் சேர் பாட்டுப் பாடினார். கோணாமலை மாஸ்டர் கேள்வியை அழித்தார். இரண்டு பேரும் பிள்ளை எழுதுவதற்காவது காத்திருப்பார்கள். அவன் அதைக்கூடச் செய்யவில்லை. பட்டதாரி. இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாவட்டம் முழுக்கத் திரிந்த மடையனுக்கு, வீட்டிலேயே ஒரு பிள்ளை மூன்று நாள் பதில் வைத்திருந்தது தெரியவில்லை.

தாளை நான்காக மடித்தான். எங்கே போடுவது என்று தெரியாமல் கதிரைக்குக் கீழே வைத்தான்.

அஸ்மியா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். "சனியும் ஞாயிறும் கொண்டுவாங்க. சோதன வரைக்கும். நீங்க எழுதின தாள் ஒண்டும் வேணாம்."

"சரி மிஸ்," என்றான்.

குருமண்வெளியில் பாதை ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தினான். கஜானி அதன் சீற்றில் கொப்பியை வைத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினாள். மிஸ் வீட்டு வேலை கொடுத்திருக்கிறாள். முக்கோணி ஒன்று பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. எழுத்துகள் எக்ஸ், வை, இசட்.

உதயரூபன் பார்த்தான். மூன்றாவது வரியில் பிழை இருந்தது. சமன் என்று எழுதவேண்டிய இடத்தில் சமாந்தரம் என்று எழுதியிருந்தாள்.

வாய்வரை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாவியில் யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தான், அதுவும் பிழையாகத்தான் என்று தோன்றியது. அதையும் பார்க்கவில்லை. பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்டூர்க் கரையில் என்ன நிற்கிறதோ அதைப் பார்த்தான். நெடுநேரமாக அந்தக் கரை வரவேயில்லை.

பின்னால் அழிறப்பர் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஊதுகிற சத்தம்.

"அத்தான்," என்றாள் கஜானி. "மூணாவது வரியில பிழை விட்டிட்டன். இப்ப சரி."

"ம்," என்றான், திரும்பாமல்.