கட்டிக்கு ஒரு ஜோடி வளையல்

சமுதாய வளைகாப்பு வந்தாலே எங்கள் தலத்தெரு அங்கன்வாடிக்குத் தலைவலிதான். பந்தல், கலவைச் சாதம், சந்தனம், கண்ணாடி வளையல் எல்லாம் என் பொறுப்பு. பேச்சு மட்டும் தலைவர் நீலகண்டனுடையது. கட்சியிலும் பெரிய ஆள், கீழவாஞ்சூர் துறைமுக லாரி யூனியனுக்கும் அவர்தான் தலைவர்.

வளைகாப்பில் மிஞ்சிய வளையலைப் போட்டுக்கொண்டால் மடி நிறையும் என்பார்கள். வருடா வருடம் நானும் ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொள்வேன். போன வருடம் பலித்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார் டாக்டரம்மா. கலைத்தோம். அதற்குள் அது அசையத் தொடங்கியிருந்தது. இப்போதும் மத்தியானம் படுத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. போய் என்ன, அங்கே யாரும் இல்லை.

என் கணவர் மதியழகன் நிலக்கரி லாரி ஓட்டுகிறார். யூனியன் இன்சூரன்ஸில் கேட்டால், கருக்கலைப்புக்குக் கிடையாது என்று கைவிரித்தார்கள். அந்த விதியைப் போடவைத்தவரே நீலகண்டன்தான். "ஒழைக்கிறவன் காசுல பாவத்துக்குப் பங்கு குடுக்க முடியாது" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் தோடு போனது போகட்டும். பாவம் என்றாரே, அதுதான் ஆறவில்லை. பாவமில்லை என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தேன்.

இந்த வருடம் நீலகண்டன் தன் மருமகள் தாமரைச்செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் நான் வளையல் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"வெண்மதியக்கா, ஒங்களுக்கும் அஞ்சாம் மாசத்துலதான் கலைச்சாங்களாமே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"எனக்கும் அப்படித்தான்க்கா. புள்ளைக்கு இதயம் சரியில்லன்னு பாண்டிச்சேரியில வச்சு எடுத்தாங்க. மாமா ஆஸ்பத்திரியில பேசி, வயித்துல கட்டின்னு எழுத வச்சு, நம்ம யூனியன் இன்சூரன்சுலயே முடிச்சிட்டாரு. வீட்லயும் கட்டின்னுதான் பேச்சு. நான் அழுதா, கட்டிக்குப் போயி யாராச்சும் அழுவாங்களாங்கறாங்க."

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது இதுதான். வாய்வரை வந்த வசவை விழுங்கினேன். என்னையாவது அழ விட்டார்கள்.

"என்ன புள்ளம்மா?"

"பொண்ணு. மனசுக்குள்ள நிலான்னு கூப்புடுவேன்."

மேடையில் அவர் முழங்கினார். "தாய்மைதான் நம்ம பண்பாடு! கருவ அழிக்கிறவளுக்கு நம்ம யூனியன்ல ஒத்தப் பைசா கெடையாது!" பந்தல் முழுக்கக் கைதட்டல். பிறகு கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து உட்கார, சந்தனம் பூசி வளையல் போட்டுவிட்டேன். தட்டில் ஒரு ஜோடி மிஞ்சியது. வழக்கம்போல எடுத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

தாமரைச்செல்வி மேடையேறி, காலியான நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியது.

"எனக்கும் போட்டுவிடுங்கக்கா."

நீலகண்டன் மைக்கும் கையுமாகச் சிரித்தார். "ஒனக்கு எதுக்கும்மா? விசேஷமா?"

"இல்ல மாமா. நீங்க இன்சூரன்சுல கட்டின்னு எழுத வச்சீங்கள்ல, எம் பொண்ணு நிலா. அவளுக்கு."

மைக் அதை வாங்கி ஒலிபெருக்கியில் விட்டது. நீலகண்டனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

ஒரு வளையலை அவள் கையில் ஏற்றினேன். மற்றொன்றை அவள் என்னிடமிருந்து வாங்கி என் கையில் போட்டாள்.

"இது ஒங்க புள்ளைக்கு. பாவமில்லக்கா" என்றாள்.

அதையும் மைக் ஊருக்குச் சொன்னது.