கலியோப்பிக்குச் சீதனமாக வந்த தேவி

மீலோஸ் தீவில் பெண்ணைப் பெற்றவன், கல்யாணத்துக்கு முன் அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். கட்டாமல் அனுப்புவதைவிடக் கடலில் விழலாம் என்பது என் சித்தப்பா ஆர்கிரிஸின் கட்சி.

அவர் மகள் கலியோப்பி அக்காவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். மேட்டு மனையில் அஸ்திவாரம் தோண்டினோம். சித்தப்பா கடப்பாரை போட்டார். மாப்பிள்ளை ஸீசிமோஸ் மண்ணை அள்ளினான். நான் ஏதென்ஸில் கல்லூரியில் படிப்பவன் என்பதால், நிழலில் நின்று யோசனை சொன்னேன்.

காலையிலேயே கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் வெள்ளைப் பளிங்கு. முதலில் ஒரு தோள், பிறகு முதுகு, அதன் பிறகு நாங்கள் மூவரும் மரியாதையாக வேறு பக்கம் பார்க்க வேண்டிய இடம். தலை இல்லை. நழுவும் துணியை ஒரு கை இடுப்போடு பிடித்திருந்தது. அப்ரோதீத்தி, காதலுக்கு அதிபதியான பழைய கிரேக்க தேவி. எங்கள் தீவில் முன்பே கிடைத்த இன்னொரு அப்ரோதீத்தி பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறாள். போய்ப் பார்த்தால் எங்களிடமே டிக்கெட் கேட்கிறார்கள்.

"மாதாவே!" என்று சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டார். பக்தியால் அல்ல. தொல்பொருள்காரர்கள் காதுக்குப் போனால் வேலை நின்றுவிடும். பக்கத்து மனையில் ஒரு பழைய பானையின் வாய் அகப்பட்டதற்கே வேலி போட்டார்கள். வருஷக்கணக்காக அங்கே ஆடு மேய்கிறது.

"மூடுங்கடா. மத்தியானம் கான்கிரீட் வண்டி வருது. ரெண்டாயிரம் வருஷம் தூங்கினவ, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."

"சமையல்கட்டுக்குக் கீழேயா சித்தப்பா?"

"ஊர்ல பாதி சமையல்கட்டு யார் மேல நிக்குதுன்னு நினைச்சே? பேசாம மண்ணைத் தள்ளு, படிச்சவனே."

ஸீசிமோஸ் மண்வெட்டியை எடுத்தான். எடுத்ததோடு சரி.

அதற்குள் அக்கா காபியோடு வந்துவிட்டாள். குழியை எட்டிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினாள். சேறு வழிந்தது. துணியின் மடிப்புக்குள் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"யாருப்பா இவ?"

"யாருமில்ல. கல்லு."

"கல்லுக்கு இவ்ளோ நல்ல இடுப்பா?"

"உனக்கு வீடு வேணுமா, இடுப்பு வேணுமா?"

"இவ மேல நின்னு தினமும் மீன் பொரிக்க என்னால ஆகாதுப்பா." பிறகு ஸீசிமோஸ் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. வீடு இல்லேன்னா என்னைக் கட்டிப்பியா?"

ஸீசிமோஸ் மீனவன். அவன் பிடிக்கிற மீன்கள்கூட அவனைவிடக் கொஞ்சம் அதிகம் பேசும். காது சிவக்க வாயைத் திறந்தான்.

"எனக்கு இந்த மேடே பிடிக்கல. அலைச் சத்தம் இல்லாம தூக்கம் வராது. எங்க படகுக் கொட்டகைக்கு மேல ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு."

"இதை ஏன்டா இத்தனை நாளா சொல்லல?" என்றாள் அக்கா.

"மாமா ஆசையா குடுக்கிறாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

சித்தப்பா குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கென்ன, கொட்டகையில போய்ப் படுத்துக்குவீங்க. ஆர்கிரிஸ் பொண்ணை வெறுங்கையோட அனுப்பினான்னு என்னையில்ல சொல்வாங்க?"

"வீடு குடுக்காதவன்னு யாரு சொல்ல முடியும் சித்தப்பா?" என்றேன். "நீங்க குடுத்தீங்க. சிலைக்காக அரசாங்கம் வாங்கிக்கிச்சுன்னு சொல்லுங்க."

அவர் ஒரு சிகரெட் முடியும்வரை தேவியின் முதுகைப் பார்த்தார். பிறகு கான்கிரீட்காரனுக்கு வர வேண்டாமென்று போன் செய்தார். அடுத்து தொல்பொருள் அலுவலகத்துக்கு.

மறுநாள் அலுவலகத்து அம்மா வந்து, குழியைச் சுற்றி நாடா கட்டி அளவெடுத்தார். பக்கத்து மனை வேலியோரம் பாதி ஊர் நின்றது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டை போட்டிருந்தார்.

"மெதுவாம்மா. என் பொண்ணோட சீதனம் அது."

"இது அரசாங்கச் சொத்து ஐயா."

"இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட வாங்கின பிறகு அப்படித்தான் பேசுவாங்க. கொடுத்தவன் ஆர்கிரிஸ்னு எழுதிக்கோங்க" என்றார் சித்தப்பா, வேலிப் பக்கம் பார்த்து. "எழுதினதைச் சத்தமாப் படிங்க."