படித்ததாகச் சொன்ன பதிவு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அக்காவின் வேலை. இயந்திரம் ஒரு லென்ஸைத் தேய்த்து முடிப்பதற்குள் கைப்பேசியில் நாலு வரி படித்துவிடுவாள். பிடித்த வலைத்தளங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது. ஃபீட் ரீடர் என்று ஒரு செயலி வைத்திருந்தாள். எந்தத் தளத்தில் எது புதிதாக வந்தாலும் அதில் வந்து வரிசையில் நிற்கும். தோட்டம், விண்வெளி, பழைய ரயில் என்று எல்லாமாக அறுபது தளங்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அவனை நச்சரித்து வலைப்பூ தொடங்கவைத்தவள் அக்காதான். யார் படிக்காவிட்டாலும் நான் படிப்பேன் என்று வாக்குக் கொடுத்தாள். அப்படியே ஆயிற்று. தொடர்பவர்: ஒருவர் என்று தளம் அவனுக்குக் காட்டியது. அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் ஐந்தாறு பதிவுகளை விழுந்து விழுந்து படித்தாள். பிறகு மற்றவற்றின் வெள்ளத்தில் அவனுடையது அடியில் போயிற்று. தம்பிதானே, எங்கே ஓடிவிடப் போகிறான் என்று தள்ளிப்போட்டாள். படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டிய ஒரு மதியம், எரிச்சலில் எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்கும் பொத்தானை ஒரே தட்டாகத் தட்டினாள். தலைப்பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அந்த வாரம் தம்பி போன் செய்தான். அதையும் இதையும் பேசிவிட்டு, கடைசிப் பதிவைப் படித்தாயா என்று கேட்டான்.

"படிச்சேன்டா. நல்லா இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

வேலை இருக்கிறது என்று அவன் சட்டென்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் அழைப்பதே குறைந்துபோனது. வேலை மும்முரம் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதும், பேச்சு விவாகரத்து வரை வந்துவிட்டதும் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அக்கா கொதித்தாள். அந்தக் கொதிப்போடு அவன் தளத்தைத் திறந்தாள். எல்லாம் அங்கே இருந்தது. மனைவி போய்விட்டாள், வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருக்கிறது, வாயால் சொல்ல வரவில்லை, படிக்கிற அந்த ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தான். தேதி, அவள் சிரித்ததாகச் சொன்ன வாரம். அதற்குப் பிறகு அவன் எதையுமே எழுதவில்லை.

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனாள். ஆறாவது மாடியில், திறந்துகிடந்த லிஃப்ட் கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நான் அதைப் படிக்கவே இல்லடா. பொய் சொன்னேன்."

கையிலிருந்த கிரீஸைத் துணியால் வெகுநேரம் துடைத்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா. படிச்சிட்டுத்தான் சிரிச்சேன்னு நெனச்சுட்டேன். வெளியில சொல்ற அளவுக்கு இது ஒரு கஷ்டமே இல்ல போலன்னு யார்கிட்டயும் சொல்லல. அவளைப் போய்க் கூப்பிடவும் இல்ல."

"இப்பப் போகலாம், கிளம்பு. நான் பேசுறேன்."

"கையெழுத்துப் போட்டாச்சுக்கா. முந்தாநாள்."

அவன் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. லிஃப்ட் ஓடாததாலும் அவள் முழங்கால் வலிக்காரி என்பதாலும் ஆறு மாடியும் கூடவே படியிறங்கி வந்து பஸ் ஏற்றிவிட்டான்.

இப்போது வாரம் தவறாமல் போன் செய்கிறான். கால் வலியை விசாரிக்கிறான், மழையைப் பற்றிப் பேசுகிறான். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஓடுதுக்கா என்கிறான்.